ஜுரமில்லாத வீட்டில் டபுள் ரொட்டி

லாலாகூடா, சிகந்தராபாத்
தாது வருஷம் ஐப்பசி மாதம் 20ந் தேதி

சிரஞ்சீவி உலகநாதனுக்கு உன் தகப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதிவிடுவது முறை, எழுதிவிட்டேன். உன் சுகம் எப்படியிருக்கிறது என்பதை உன் கடிதத்தில் தெரிந்துகொண்டோம். அதனால் இங்கே நேர்ந்ததை இனி எழுதுகிறேன்.

ஐப்பசி முதல் தேதி காலையில், நம் வீட்டுச் சமையலறையில், உன் அம்மா இனித் தான் இட்லி சாப்பிடுவதில்லை என்று தீர்மானித்தாள். இட்லியோடு தோசை, சோறு, குழம்பு, ரசம், மோர், காய்கறி, கீரை, அப்பளம் ஆகியவையும் அந்தத் தீர்மானத்தில் அடங்கும் என்பது அன்று மத்தியானம் தெரியவந்தது. ஜினீவாவில் உலகத்து ராஜ்யங்கள் எல்லாம் கூடி வருஷக்கணக்காகத் தீர்மானங்கள் செய்துவருவதைப் பத்திரிகையில் படிக்கிறேன். அவற்றில் ஒன்றாவது செய்த அன்றே அமலுக்கு வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. இது வந்தது. எதிர்த்து ஓட்டுப் போட நானும் உன் தங்கை அலமுவும் இருந்தோம். எங்களை யாரும் கேட்கவில்லை.

காரணம் நீ சீமையிலிருந்து புரட்டாசியில் எழுதிய கடிதம். அலமுதான் உரக்க வாசித்தாள். அம்மா கவலைப்பட வேண்டாம், புறப்படும்போது கொடுத்த வாக்கைக் காப்பாற்றி வருகிறேன், மாமிசம் மீன் முட்டை எதையும் தொடவில்லை, காலையில் ரொட்டியும் சீஸும், மத்தியானம் ரொட்டியும் சீஸும், இரவில் மாறுதலுக்காகச் சீஸும் ரொட்டியும் என்று எழுதியிருந்தாய். நான் சிரித்தேன், நான் மட்டுந்தான் சிரித்தேன். அடுத்த வரியில், பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறதென்றும், காலேஜிலிருந்து ஜாகைக்கு ஏறும் மேட்டில் நடுவே நின்று மூச்சு வாங்கவேண்டியிருக்கிறதென்றும், காலேஜ் டாக்டர் மாட்டு மாமிசச் சாறு குடி, இல்லாவிட்டால் படிப்பை விட்டுவிட்டுக் கப்பல் ஏறு என்று சொன்னாரென்றும் எழுதியிருந்தாய். வேடிக்கையை முன்னால் நிறுத்தி விஷயத்தைப் பின்னால் ஒளித்துவைக்கும் இந்தப் பழக்கம் பிள்ளைக்கு யாரிடமிருந்து வந்தது என்று உன் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள். பிறகு சில நாள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ தயாராகிறது என்று அர்த்தம் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். முதல் தேதி காலையில் எனக்கும் அலமுவுக்கும் இட்லியை வைத்துவிட்டுத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் நின்றாள். "அவன் என்ன சாப்பிடறானோ அதுதான் எனக்கும். பருப்பு, கீரைன்னு ஒழுங்கா சாப்பிடறேன், ஈறு ஆறிப்போச்சுன்னு அவன் கைப்பட எழுதட்டும். அன்னிக்கு நானும் சாப்பிடறேன்" என்றாள். பிள்ளைக்கு இது தண்டனையா என்று கேட்டேன். "தண்டனை இல்லீங்க. வாக்கு வாங்கினவ நான்தானே. அது எவ்வளவு கனம்னு நானும் தெரிஞ்சுக்க வேணாமா" என்றாள். நான் இரண்டு பாஷையில் புஸ்தகங்கள் படித்தவன். இதற்குப் பதில் எந்தப் புஸ்தகத்திலும் அகப்படவில்லை.

நம் ஜனங்களுக்கு டபுள் ரொட்டி ஆகாரமல்ல, மருந்து. ஜுரம் விட்டவனுக்குப் பாலில் தோய்த்துக் கொடுப்பது. அவன் எழுந்து நடந்தால் நிறுத்திவிடுவது. ஆகையால் சைக்கிளில் தகரப் பெட்டி கட்டிக்கொண்டு வரும் அப்துல் ரஹீமை நம் வாசலில் நிறுத்தி ஒரு முழு ரொட்டி வாங்கியதும் அவர் பெட்டியை மூடவில்லை. "கைக்கு சாப், எதுக்கு? வீட்ல யாருக்கு ஜுரம்?" என்றார். யாருக்கும் இல்லை என்றேன். "ஜுரம் நக்கோ, ரொட்டி மட்டும் வேணுமா?" என்று என் முகத்தைப் பார்த்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவர் முடிவு செய்துகொண்டு போனது தெரிந்தது. மறுநாளும் வாங்கினோம். அதற்கு மறுநாளும் வாங்கினோம். அந்த வாரத்துக்குள் நம் குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் உன் அம்மாவுக்கு விஷஜுரம் என்று செய்தி போய்விட்டது. அடுத்த வீட்டு மங்களம் மிளகுக் கஷாயம் கொண்டுவந்து, நோயாளி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இந்த ஜுரத்தோட துவைக்கறீங்களே அக்கா" என்று அழுதாள். அப்துல் ரஹீம் தர்காவில் ஓதி வாங்கிய தாயத்து ஒன்றைக் கொடுத்தார். உன் அம்மா அதை மறுக்காமல் கையில் கட்டிக்கொண்டாள். அவர் நல்லவர், அவர் மனசு நோகக்கூடாது என்கிறாள். இந்த வீட்டில் யாருடைய மனசு நோகலாம் என்பது மட்டும் தீர்மானமாகியிருக்கிறது.

ரொட்டியாவது வாசலுக்கு வருகிறது. சீஸுக்கு நான்தான் போகவேண்டும். ஜேம்ஸ் தெருவில் பட்டாளத்துத் துரைமாருக்குப் பிராந்தி, டப்பா மாமிசம் முதலிய சாமான் விற்கும் கடை இருக்கிறதே, அங்கே தகர டப்பாவில் வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்க் கேட்டேன். எந்தத் துரை வீட்டுக்கு என்றான் கடைக்காரன். என் வீட்டுக்கு என்று சொல்ல வாய் வராமல், ஒரு நோயாளிக்கு என்றேன். ஆக, ஜுரப் புரளிக்கு நானும் ஒரு கை கொடுத்ததாயிற்று. டப்பாவைக் குடைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது எதிரே சின்னசாமி. ஆபீசில் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்காருகிறானே, ஞாயிற்றுக்கிழமைத் தேவாரத்தில் தாளம் போடுகிறவன், அவன்தான். குடையைப் பார்த்தான், கடையின் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "முதலியாரே, நீங்களுமா?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாரம் பாட உட்கார்ந்தபோது எனக்கு இரண்டு பக்கமும் காற்று நன்றாக வந்தது. இதுவரை அப்படி வந்ததில்லை.

அந்த டப்பாவைச் சமையலறைக்குள் விட உன் அம்மா சம்மதிக்கவில்லை. பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய சாளரப் பலகை ஒன்றை வைத்து, அதன்மேல் கவிழ்த்த கூடைக்கடியில் இருக்கிறது. வேளைக்கு வேளை அங்கே போய், தையல் இலையில் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு துண்டு சீஸும் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்கி, வாய் கொப்பளித்து, கால் கழுவி உள்ளே வருகிறாள். முதல் நாள் கொஞ்சம் மிளகாய்ப்பொடியாவது தொட்டுக்கொள் என்று கெஞ்சினேன். "அவனுக்கு அங்க மிளகாய்ப்பொடி இருக்கா?" என்றாள். நாங்கள் அனுப்பிய பருப்புப்பொடியை நீ குடியிருக்கிற வீட்டுச் சொந்தக்காரி மிஸஸ் ஹார்ட்லி பல்பொடி என்று எண்ணிக் குளிக்கும் அறையில் வைத்துவிட்டாள் என்றும், அவளுடைய புருஷன் அதில் பல் துலக்கிவிட்டு ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை என்றும் நீ எழுதியதை அவள் மறக்கவில்லை. நாமே சேர்ந்து இதைச் சாப்பிடலாமே என்று ஒருநாள் நானும் இலையோடு பின்கட்டுக்குப் போனேன். நீங்க ஆபீஸ் போறவங்க, போய்ச் சோறு சாப்பிடுங்க என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அலமு தன் பங்குக்கு, "நக்கோ அம்மா, வேணாம், இது டூ மச்" என்று மூன்று பாஷையில் ஆட்சேபித்துப் பார்த்தாள். அதுவும் செல்லவில்லை.

இதில் எனக்கு நேர்ந்த கஷ்டத்தையும் சொல்லவேண்டும். அவள் சாப்பிடாத நாளிலிருந்து சமையல் முன்னைவிட நன்றாக இருக்கிறது. காலையில் கீரைக்காரி நாகம்மா கூடையை இறக்கியதும் பொன்னாங்கண்ணி, முளைக்கீரை, புளிச்சகீரை என்று ஒன்று விடாமல் வாங்குகிறாள். மசியல், கூட்டு, பொரியல் எல்லாம் செய்கிறாள். வாழைப்பூவை ஆய்ந்து உசிலி பண்ணுகிறாள். எங்களுக்குப் பரிமாறிவிட்டு, எதிரே உட்கார்ந்து, நான் ஒவ்வொரு கவளமாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உனக்குப் போடுகிறதாக நினைத்து எனக்குப் போடுகிறாள் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் கண் கலங்குகிறது, ஆகையால் சாப்பிடுகிறேன். அவள் இளைத்துவருகிறாள், நான் பருத்துவருகிறேன். என் கோட்டுப் பித்தான் போன வாரம் தெறித்துவிட்டது. அதைத் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். வளையல் முழங்கை வரை ஏறுவதை அப்போது பார்த்தேன்.

ரயில்வே டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். நாக்கைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் குறைவு, மலச்சிக்கல் வேறு, பருப்பும் கீரையும் மோரும் பழமும் தவறாமல் சாப்பிட வேண்டும் என்றார். உன் அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "டாக்டரய்யா, இதையே அவனுக்குச் சொல்ற டாக்டர் ஒருத்தர் அந்த ஊர்ல இல்லீங்களா?" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பீஸ் வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் படிப்பில் இறங்கினேன். மனுஷன் கையால் ஒன்றும் ஆகாதபோது புஸ்தகத்தை எடுப்பது என் சுபாவம். நம் ரயில்வே இன்ஸ்டிட்யூட் லைப்ரரியில் தடித்தடி வால்யூம்களாக ஒரு சர்வவிஷய அகராதி இருக்கிறது. அதன்மேல் பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்கள் தேநீர்க் கோப்பை வைப்பது வழக்கம். அதையும், போஷணையைப் பற்றிச் சர்க்கார் வெளியிட்ட சிறு புஸ்தகம் ஒன்றையும் சாயங்காலங்களில் படித்தேன். அதிலிருந்து தெரிந்தது இவ்வளவுதான். நம் தட்டில் சோறு ஒரு வேலை செய்கிறது, பருப்பு ஒரு வேலை, கீரை ஒரு வேலை, மோர் ஒரு வேலை, எலுமிச்சம்பழமும் நெல்லிக்காயும் வேறொரு வேலை. இதை யாரும் உட்கார்ந்து யோசித்து ஏற்பாடு செய்யவில்லை, அல்லது செய்தவள் எழுதிவைக்கவில்லை. ரொட்டியும் சீஸும் மட்டும் தின்பது எஞ்சினையும் கார்டு வண்டியையும் மட்டும் பூட்டி ஓட்டுகிற ரயில் மாதிரி. ஊர் போய்ச் சேரும்; யாரும் இறங்கமாட்டார்கள். உன் ஈறில் வரும் ரத்தம் பச்சைக் காயும் பழமும் இல்லாததால் வருவது. மேட்டில் மூச்சு வாங்குவது அனேகமாகக் கீரையும் பருப்பும் இல்லாததால் இருக்கலாம். இதற்கு மாட்டைத் தேடிப் போகவேண்டியதில்லை; மாடு எதைத் தின்கிறதோ அதன் பக்கமாகப் போனால் போதும்.

ஆகையால் நான் சொல்வதைக் கேள். உன் அறையில் காசு போட்டால் எரிகிற காஸ் அடுப்பு ஒன்று இருப்பதாகவும் அதில் க்ஷவரத்துக்கு வெந்நீர் வைப்பதாகவும் எழுதியிருந்தாய். அதில் ஒரு சட்டியும் வைக்கலாம். மசூர்ப் பருப்பு அங்கே கிடைக்கிறது என்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. கேட்டதற்கு மிஸஸ் ஹார்ட்லி, நீ புறா வளர்க்கிறாயா என்றாளாமே. ஆமாம், இரண்டு புறா என்று சொல்லி வாங்கி வரச்சொல். அதைக் கழுவி, தண்ணீர் விட்டு, கொஞ்சம் வெண்ணெய் போட்டு வேகவை. எவ்வளவு நேரம் என்று உன் அம்மாவைக் கேட்டேன். "வெந்தா தெரியும்" என்றாள். வெந்தது எப்படித் தெரியும் என்றேன். "வேகலேன்னா தெரியாதா?" என்றாள். இதற்கு மேல் அந்தச் சாஸ்திரத்தில் எனக்குப் பிரவேசமில்லை. நான் இதுவரை ஒரு செம்பு வெந்நீர் கூட வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். குருடன் குருடனுக்கு வழி காட்டுகிற காரியந்தான் இது. முட்டைக்கோசை அந்த அம்மாள் நிறம் போகும்வரை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறாள் என்றாய். அந்தத் தண்ணீரில்தான் சத்து இருக்கிறதாம். கோசை அவளே வைத்துக்கொள்ளட்டும், தண்ணீரை உனக்குக் கொடுக்கச் சொல். அல்லது பச்சையாகவே பொடிப்பொடியாக நறுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டுத் தின்று பார். காரட்டும் அப்படியே. காய்ந்த பட்டாணியை ராத்திரி ஊறவைத்து, காலையில் நீரை வடித்து ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் முளை வரும். ஈறுக்கு அது கண்கண்ட மருந்து என்று புஸ்தகத்தில் போட்டிருக்கிறது. கைக்குட்டையில் கட்டு, காலுறையில் கட்டாதே. உன்னை எனக்குத் தெரியும். ஓட்ஸ் என்று அங்கே குதிரைக்கும் மனுஷருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறதே, அதைப் பாலில் கஞ்சியாகக் காய்ச்சிக் குடி. தினம் ஒரு ஆரஞ்சு. உருளைக்கிழங்கைத் தோலோடு. கொட்டைப் பருப்பு ஏதாவது ஒரு பிடி. ரொட்டி தின்றே ஆகவேண்டுமென்றால் உமி நீக்காத பழுப்பு ரொட்டி. அதுவும் பக்கத்தில் ஒரு மூலையில் இருக்கட்டும், நடுத்தட்டில் உட்காரவேண்டாம். தயிர் அந்த ஊரில் தோயாது என்று எழுதினாய். பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் மிளகாய்க் காம்பு நாலைந்தைப் போட்டு, கணப்புக்குப் பக்கத்தில் கம்பளி சுற்றி வைத்தால் தோயும் என்கிறாள் உன் அம்மா. அந்தக் காம்புகளைத் தானே பொறுக்கி இந்த உறைக்குள் போட்டிருக்கிறாள்.

இனி எழுதப்போவதை எழுதாமல் இருக்கலாமா என்று நாலு நாளாக யோசிக்கிறேன். காரட்டுக்காக எடுத்த வால்யூமில் கொஞ்சம் பக்கங்கள் தள்ளிச் சீஸ் என்ற விஷயமும் இருந்தது. இருந்ததால் படித்தேன். பாலை அவர்கள் நம்மைப்போல மோர் விட்டு உறையவைப்பதில்லை. பால்குடி மறவாத கன்றை அறுத்து, அதன் இரைப்பையின் உள்தோலை உப்பிலிட்டு ஊறவைத்து, அந்த நீரைப் பாலில் விட்டு உறையவைக்கிறார்களாம். அதை எழுதியவன் யாரோ, நல்ல நடையில், ஒரு பிசிறுமில்லாமல் எழுதியிருக்கிறான். மறுபடியும் படித்தேன், மாறவில்லை. புஸ்தகத்தை மூடிக் கோப்பையை அதன்மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா பின்கட்டில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். அன்று பிரதோஷம்.

உன்னிடம் வாக்கு வாங்கியபோது மாமிசம், மீன், முட்டை என்று பெயர் சொல்லி வாங்கினோம். சீஸ் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. நீ அறியாமல் தின்றாய், அவள் உனக்காகத் தின்றாள், கடையிலிருந்து குடைக்குள் ஒளித்து வாங்கி வந்தவன் நான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அவள் அந்தக் கூடையைத் திறப்பதை நிறுத்திவிடுவாள். ஆனால் அதே வாக்கியம், பிள்ளை வாக்குத் தவறிவிட்டான், தானும் கன்றின் வயிற்றைத் தின்றுவிட்டு விளக்கேற்றியிருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். அதைச் சொல்லாமல் வாக்கியத்தைப் பாதியில் வெட்ட எனக்குத் தெரியவில்லை. உனக்கு எழுதாவிட்டால் வாக்கைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே அதைத் தின்பாய். எழுதினால் அதையும் விடுவாய், பிறகு உன் தட்டில் என்ன இருக்கும்? டாக்டர் சொன்ன சாற்றைக் குடித்துக்கொள் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், எழுதவில்லை. குடிக்காதே என்று எழுதவும் எடுத்தேன், அதையும் எழுதவில்லை. நீ படித்தவன், வயது வந்தவன், உன் உடம்பு உன்னோடு இருக்கிறது. நீ எதைச் சாப்பிட்டாலும் எனக்குப் பிள்ளைதான். உன் அம்மா விஷயத்தில் என்னால் ஜாமீன் கொடுக்க முடியாது.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை குழாயடியில் குடத்தைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மங்களந்தான் ஓடிவந்து பிடித்தாள். நெற்றியில் சின்னக் காயம், பயமில்லை. கட்டிலில் படுக்கவைத்து விசிறினேன். கண்ணைத் திறந்ததும், தீபாவளிக்கு அதிரசத்துக்கு மாவு இடிக்கணும், வெல்லம் வாங்கினீங்களா என்றாள். நீ சாப்பிடுவாயா என்றேன். "செய்றதுக்குத்தான் கேட்டேன்" என்றாள். அப்போது எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன். அகராதியில் இருந்ததை ஒன்று விடாமல், அந்த ஆள் எழுதிய வரிசையிலேயே சொன்னேன். எனக்கென்று சொந்தமாக வார்த்தை வரவில்லை. அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள், உன்னை நினைத்து அலறுவாள் என்று மூன்றுக்கும் தயாராக நின்றேன். "பாவம், கன்னுக்குட்டி" என்றாள். பிறகு, "அறியாம தின்னதுக்குத் தோஷமில்லீங்க. அவனுக்கும் இல்ல. அதை மனசுல வச்சிக்கிட்டு அவன் அழவேணாம்னு எழுதுங்க. இனிமே அதத் தொடவேணாம்னும் எழுதுங்க" என்றாள். நாலு நாளாக நான் எந்தப் பாறையைத் தூக்க முடியாமல் நின்றேனோ அதை அவள் ஒரு கையால் நகர்த்தி வைத்துவிட்டாள். எழுந்து தலை முழுகினாள். அந்த டப்பாவைத் தானே கொண்டுபோய்ச் சாக்கடைப் பக்கம் குழி தோண்டிப் புதைத்தாள். கூடையைக் கழுவி வெயிலில் வைத்தாள். இந்தக் கடிதம் எப்போது போய்ச் சேரும் என்று கேட்டாள். இந்த வாரக் கப்பலைப் பிடித்தால் மூன்று வாரத்தில் சேரும், உன் பதில் வர மார்கழி ஆகும் என்றேன். சரி என்றாள். இதோடு இந்தத் தொல்லை தீர்ந்தது என்று எனக்கும் தோன்றியது. அலமு வெல்லம் வாங்க மோண்டா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். இவ்வளவு லேசாக முடிகிற காரியத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் சீஸை நிறுத்திவிடு. நிறுத்துகிற அன்றே மேலே எழுதியிருக்கிற பருப்பு, கோசு, பட்டாணி விஷயங்களைத் தொடங்கு. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இராதே. தொடங்கிய அன்றே என்ன சாப்பிட்டாய், ஈறு எப்படியிருக்கிறது என்று உன் அம்மா பெயருக்கு ஒரு கடிதம் போடு, வேடிக்கை வேண்டாம். உறையைப் பிரிக்கும்போது உள்ளே காய்ந்த குச்சிபோல உதிர்வது மிளகாய்க் காம்பு. குப்பை என்று எறியாதே, மிஸஸ் ஹார்ட்லி கண்ணிலும் படவிடாதே. குளிர் அதிகமானால் காதைக் கட்டிக்கொள். சொக்கநாதன் அருளால் நீ திடகாத்திரமாக, தீர்க்காயுசோடு, எடுத்த படிப்பை முடித்துக்கொண்டு வந்து சேர வேண்டும். உன் அம்மாவும் அலமுவும் ஆசையோடு விசாரிக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் தகப்பன்,
கா. வேதாசலம்

உறையை ஒட்டுமுன் சேர்த்தது: இன்று மத்தியானம் முதல் உன் அம்மா வெறும் ரொட்டி சாப்பிடுகிறாள்.